நிலாவப் பாக்குதா, விரலப் பாக்குதா?

வா கண்ணு, சித்த உக்காரு. குக்கரஹள்ளி ஏரிக்கரைப் பெஞ்சு யாரு அப்பன் ஊட்டுச் சொத்துமில்ல. மூணு நாளாப் பாக்கறேன். கக்கத்துல அந்தத் தடி ஃபைல இடுக்கிக்கிட்டு மானசகங்கோத்ரிப் பக்கமா ஓட்டமும் நடையுமாப் போற. சின்னப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கற படிப்பாமே? அதுலயும் பேச்சு வராத புள்ள, காது கேக்காத புள்ள, ஒரு எடத்துல நிக்காத புள்ள. நல்ல படிப்புத்தான். ஆனா நேத்து ஒரு கைக்கொழந்த அதோட ஆயா தோள்ல சாஞ்சுக்கிட்டு உன்னப் பாத்துச் சிரிச்சுது. நீ ஃபைலப் பொரட்டிக்கிட்டே தாண்டிப் போயிட்ட. கொழந்தை எந்த மாசத்துல ஆளப் பாத்துச் சிரிக்கும்னு அதுல தேடுனயோ என்னமோ?

நான் சத்தியமங்கலத்துக்காரன். வயசு 83. திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆசனூரு, சாம்ராஜ்நகருன்னு பஸ்ஸுல குலுங்கி வந்து, இப்ப இந்த மைசூரு சரஸ்வதிபுரத்துல மகன் ஊட்டுல காலத்தத் தள்றேன். ஊட்டுல கொள்ளுப்பேத்தி ஒருத்தி இருக்கறா. ஒண்ணரை வயசு. அந்தப் புள்ளைய வளத்தறதுக்கு நடக்கற கூத்து இருக்குதே, தசரா ஊர்வலம் தோத்துப் போகும்.

போன மாசம் பேரன் சோத்துக்கு உக்காந்தவன், "பாப்பாவுக்கு ஃபைன் மோட்டார் கொஞ்சம் வீக்கா இருக்குதாம் அப்பாரு"ன்னான். எனக்குப் பகீர்னுச்சு. கிணத்து மோட்டாருன்னா அஞ்சு எச்பி தெரியும், ஏழரை எச்பி தெரியும். புள்ளைக்குள்ள எவன்டா மோட்டார் எறக்கினான்? காயில் கீயில் போயிருச்சான்னு கேட்டேன். அப்பறம் வெளக்குனான். விரல்ல சின்னச் சின்ன வேலை செய்யறது ஃபைன் மோட்டாராம். கைகால வீசி ஓடறது, ஏறறது, குதிக்கறது க்ராஸ் மோட்டாராம். அதச் சரி பண்ண ஒரு பெட்டி வாங்கியாந்திருந்தான். உள்ள கலர் கலராப் பஞ்சுருண்டை, ஒரு இடுக்கி, ரெண்டு கிண்ணம். இந்தக் கிண்ணத்துப் பஞ்ச எடுத்து அந்தக் கிண்ணத்துல போடோணும். வெலை 1,200 ரூவா. பாப்பா என்ன பண்ணுச்சு? பெட்டிக்குள்ள ஏறி உக்காந்துக்கிச்சு.

இது மார்கழி மாசம். தேவராஜ மார்க்கெட்டுல அவரைக்காய் மலையாக் குவிஞ்சு கெடக்குது. இந்த ஊருக்காரங்க கொட்டைய ராத்திரி ஊறப்போட்டு, காலையில பிதுக்கித் தோலெடுத்துக் கொழம்பு வெப்பாங்க. ஹித்கித பேளேம்பாங்க. நம்ம பக்கத்துப் பிதுக்குப் பருப்புத்தான். எங்க ஊட்டு அம்மிணி முறத்த வெச்சுப் பிதுக்க உக்காந்தா, பாப்பாவும் பக்கத்துல குந்திக்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேத்து ஒரு அமுக்கு. பருப்பு வழுக்கிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில ஓடும். புள்ள அது பொறகால ஓடும். ஒரே அவரைக்கொட்டையில ஃபைன் மோட்டாரும் ஓடிருச்சு, க்ராஸ் மோட்டாரும் ஓடிருச்சு. கரண்ட் பில்லு எவ்வளவு ஆச்சுங்கற? ஒண்ணு மட்டும். பக்கத்துல ஆளு கண்ண எடுக்காம உக்காந்திருக்கோணும். கொட்டைய வாயில போட்டா மூச்சுக் கொழாயில அடைச்சுக்கும், இல்லீன்னா மூக்குல சொருகிக்கும். அந்தப் பஞ்சுருண்டைக்கும் அதே ஆபத்துத்தான். பெட்டி மேல சிரிக்கற கரடிய அச்சடிச்சவன் அத மட்டும் பொடி எழுத்துல போட்டிருக்கறான்.

விரலுன்னதும் ஞாபகம் வருது. மூணு வயசுப் புள்ள கையில பென்சிலத் திணிச்சு, கோட்டுக்குள்ள எழுது, கோட்டத் தாண்டாதேன்னு அதட்டறாங்களே, அந்த மணிக்கட்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாத்தயா? வளந்தவனுக்கு எட்டுச் சில்லு எலும்பு இருக்கும். பொறக்கறப்ப அதுல ஒண்ணுகூட எலும்பா இருக்காது, அத்தனையும் குருத்து. மூணு வயசுல எக்ஸ்ரே எடுத்தா மூணோ நாலோதான் கண்ணுக்குத் தெரியும். கன்னுக்குட்டி கழுத்துல நுகத்தடி வெக்கற பண்ணையக்காரன நீ பாத்திருக்கறயா? அவன் கைநாட்டுக்காரன். ஆனா மாடு எப்ப எழும்பும்னு அவனுக்குத் தெரியும். கோட்டு சூட்டுப் போட்டுப் பள்ளிக்கூடம் நடத்தறவனுக்குத் தெரியல. யூகேஜி முடிச்ச புள்ளைக்குக் கருப்பு அங்கி மாட்டிப் பட்டம் குடுத்துப் படம் புடிக்கறான். ஆறு வயசுலயே பட்டதாரி! அப்பறம் ஒண்ணாம் வகுப்பு எதுக்குடா?

சரி, மைல்ஸ்டோனுக்கு வா. உங்க ஃபைல்ல எச்சா இருக்கறது அந்தச் சொல்லுத்தானே? மைல்கல்லு. ரோட்டுல இருக்கறது எனக்குத் தெரியும். கல்லு நட்ட எடத்துலயே நிக்கும். பஸ்ஸுத்தான் முன்னப் பின்ன வரும். காலையில சத்தியில கெளம்புன பஸ்ஸு சாம்ராஜ்நகருக்குப் பத்து நிமிசம் பிந்தி வந்தா நீ போலீஸுக்குப் போன் பண்ணுவயா? திம்பத்துல லாரி கவுந்திருக்கும், ஆசனூருல ஆனை குறுக்க நின்னிருக்கும். ஆனா பொழுது சாஞ்சும் பஸ்ஸு வரலீன்னா? அப்பவும் டீக்கடையில உக்காந்து "அதெல்லாம் வந்துரும்"னு சொல்றவன் கிறுக்கன்.

புள்ள நடக்கறதும் அந்தக் கணக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2006-ல ஒரு கணக்குப் போட்டுது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு அஞ்சு நாட்டுப் புள்ளைகள வருசக்கணக்காப் பாத்து எழுதுனது. ஆள் தொணையில்லாம நடக்கறது எப்ப? ஒரு புள்ள 8 மாசத்துல நடக்குது, இன்னொண்ணு 17½ மாசத்துல நடக்குது. ரெண்டும் நல்லாருக்கற புள்ளைக. நடுவுல ஒம்பது மாசத்துக்கும் மேல எடவெளி! இன்னொரு புள்ளையே பெத்துப்போடலாம். தவழறதப் பாத்தயா, நூத்துக்கு நாலு புள்ள முட்டி போட்டுத் தவழாமயே எந்திரிச்சு நடந்துருச்சாம். அப்பறம் எதுக்குடா பக்கத்து ஊட்டுப் புள்ள நடந்துருச்சுன்னு இந்தப் புள்ளைய வாக்கருக்குள்ள எறக்கிச் சக்கரத்துல உருட்டறீங்க? அது நடக்கப் பழகறதில்ல, உக்காந்துக்கிட்டு உந்தப் பழகுது. படிக்கட்டுல உருண்டு மண்டைய ஒடச்சுக்குதுன்னு கனடாக்காரன் 2004-லயே வாக்கருக்குத் தடை போட்டுட்டான். நம்ம தச்சன் செஞ்ச நடைவண்டியில புள்ள நின்னு, தன் காலால அழுத்தி, தானே தள்ளோணும். வண்டி வேணும்னா அத வாங்கு.

இன்னொண்ணையும் அந்த ஃபைலு ஓரத்துல குறிச்சுக்க. பஸ்ஸு பிந்தறது ஒண்ணு. வந்த பஸ்ஸு திரும்பிப் போறது வேற. "அம்மா", "பூனை"ன்னு சொல்லிக்கிட்டிருந்த புள்ள, இருந்த சொல்லையும் உட்டுருச்சுன்னா, கூப்புட்டாத் திரும்பறத நிறுத்திருச்சுன்னா, நல்ல நாளு பாக்காத. அன்னைக்கே டாக்டர்கிட்டக் கெளம்போணும்.

நம்ம ஆளுகளும் சும்மா இருந்துடல. இதே ஊரு வாக்-ஷ்ரவண சம்ஸ்தேயில, அதாண்டா ஆட்டோக்காரங்க ஸ்பீச் அண்ட் ஹியரிங்குன்னு சொல்றாங்களே அங்க, பாரத் ராஜுன்னு ஒரு மனோதத்துவக்காரரு இருந்தாரு. நம்ம புள்ளைகளுக்குன்னே ஒரு வளர்ச்சிப் பட்டியல் போட்டாரு. கையேடு 1983-ல வந்துது. பொறந்ததுலருந்து 15 வயசு வரைக்கும் 88 படி. மொதப் படி என்ன தெரியுமா? பொறந்ததும் அழுததா. எங்கூரு மருத்துவச்சியும் மொதல்ல அதைத்தான் கேப்பா, அவளுக்குக் கையேடு இல்ல, அவ்வளவுதான். அதுக்குள்ள இன்னொரு படி, "ஏன்"னு கேக்க ஆரம்பிக்குதா? எனக்கு ரொம்பப் புடிச்ச படி அது. பட்டியல்ல "ஏன்" கேட்டா மார்க்கு. அதே புள்ள வகுப்புல "ஏன்" கேட்டா? வாய மூடு, கையக் கட்டு!

அதுக்கும் முந்தியே போட்டு வெச்சவன் நம்ம தமிழ்ப் புலவன். பிள்ளைத்தமிழுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப. மார்க்குக்குப் படிச்சு மறந்திருப்ப. அஞ்சாம் மாசம் கையூணித் தலையத் தூக்கி ஆடறது செங்கீரை. ஒம்பதாம் மாசம் கைதட்டறது சப்பாணி. பதிமூணாம் மாசம் நடந்து வரச் சொல்றது வருகை. அப்பறம் பதினஞ்சுல அம்புலி, நிலாவ வெளையாடக் கூப்புடறது. பாட்டியல் நூலுகள்ல மாசக்கணக்கே இருக்குதுன்னு எங்கூருத் தமிழய்யா திண்ணையில உக்காந்து சொல்லுவாரு. அதுல அந்த அம்புலியத்தான் நீ கவனிக்கோணும்.

நிலாச்சோறு ஊட்டறப்ப அமுச்சி என்ன பண்றா? விரல நீட்டி, "அங்க பாரு நிலா"ங்கறா. புள்ள விரலப் பாக்குதா, விரலு போற பக்கம் நிலாவப் பாக்குதா? நிலாவப் பாத்துட்டு, "நீயும் பாத்தியா"ங்கற மாதிரி திரும்பி அமுச்சி மொகத்தப் பாக்குதா? நாளைக்குத் தானே கைய நீட்டிக் காட்டுதா? நீங்க ஆட்டிசம் இருக்குமோன்னு 16 மாசத்துலருந்து 30 மாசம் வரைக்கும் தாயிகிட்டக் கேக்கற கேள்வித்தாள்ல, மொதக் கேள்வியே இதுதானாமே. அமுச்சி ஒரு கிண்ணம் பருப்புச் சோத்தோட பாத்துட்டா. என்ன, அவ பாத்தத யாருகிட்டச் சொல்றதுன்னு அவளுக்குத் தெரியாது. அதுக்குத்தான் நீ.

ஆனா நீ சொல்ற பாஷை இருக்குதே! நஞ்சன்கூட்டுலருந்து வந்த வாழைப்பழக்கார அம்மா ஒருத்திய பஸ்ஸுல பாத்தேன். எங்கயோ காட்டுனப்போ ரிப்போர்ட்டுல "ஜாயின்ட் அட்டென்ஷன்" கொறைவுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். ஜாயின்ட்டுன்னதும் மூட்டுக் கோளாறுன்னு நெனச்சு, ஆறு மாசமா முழங்காலுக்குத் தைலம் தேச்சுக்கிட்டிருக்குது பாவம். "நீ காட்டறத உன் புள்ள உன்கூடச் சேந்து பாக்க மாட்டேங்குது, சேந்து பாக்கப் பழக்கோணும்"னு கன்னடத்துல சொன்னா ஒரு நிமிசம் ஆகுமா? டவுனுலருந்து 30 கிலோமீட்டருல டி. நரசிபுரா இருக்குது, காவேரியும் கபினியும் கூடற எடம். 1975 அக்டோபர் 2-ஆந் தேதி நாட்டுல 33 எடத்துல அங்கன்வாடித் திட்டத்த ஆரம்பிச்சப்ப, கர்நாடகத்துல மொதல்ல ஆரம்பிச்சது அங்கதான். அங்கத்த டீச்சரம்மாகிட்டப் போயி உக்காரு. எந்தப் புள்ள கரண்டிச் சத்தத்துக்குத் திரும்பல, எது தனியா மூலையில மூடியச் சுத்திக்கிட்டே கெடக்குதுன்னு ஃபைலு இல்லாமச் சொல்லுவாங்க.

பாஷைன்னதும் இன்னொரு கூத்து. பேரன் பொண்டாட்டிகிட்ட யாரோ ஒரு படிச்சவரு சொல்லிட்டாரு, ஊட்டுல இங்கிலீசு மட்டும் பேசுங்க, நாலு பாஷை கலந்தாப் புள்ளைக்குக் கொழம்பிப் பேச்சே வராதுன்னு. அன்னையிலருந்து நானு "க்ரேட் க்ராண்ட்பா". வாயில நொழையல, புள்ளைக்கில்ல, எனக்கு. எதுக்கால ஊட்டம்மா கன்னடம், கீரைக்காரப் பாயி உருது, நானு கொங்குத் தமிழு. இந்தப் புள்ள என்கிட்ட "தண்ணி"ங்குது, அங்க போயி "நீரு"ங்குது, அவசரத்துல "தண்ணி பேக்கு"ன்னு ஒட்டுப் போடுது. யாருகிட்ட எதுன்னு அதுக்குத் தெரியுது. நீ சொல்ல எண்றப்ப எல்லாப் பாஷையையும் சேத்து எண்ணு. ஒரு பாக்கெட்டுக் காச மட்டும் எண்ணிட்டு ஏழைன்னு எழுதாத. பல பாஷை கேட்டு வளர்றதால பேச்சுப் பிந்தறதில்லைன்னு உங்க படிப்புக்காரங்களே ஆராஞ்சு சொல்லிட்டாங்க. இந்தியாவுல இருக்கற அத்தனை பாஷைக்கும்னு 1969-ல வெச்ச இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் இதோ இந்த மானசகங்கோத்ரியிலயே நிக்குது. அந்த ஊருல உக்காந்துக்கிட்டு ஒரே பாஷைங்கறான்!

மாண்டிசோரிக் கதை தெரியுமா? போர்டுல அந்தப் பேரப் போட்டா ஃபீசு ரெட்டிப்பு. மரக்கட்டை, மணி, வழவழப்பு, சொரசொரப்புன்னு சாமானெல்லாம் அலமாரியில அடுக்கி வெச்சிருப்பான். அந்தச் சாமானு எங்கிருந்து வந்துது? பிரான்சுல செகான்னு ஒரு வைத்தியரு, மந்தம்னு ஒதுக்குன புள்ளைகளுக்காகச் செஞ்சது. அத எடுத்து மாண்டிசோரிங்கற இத்தாலிக்கார அம்மா ரோமாபுரியில அந்த மாதிரிப் புள்ளைகளுக்கே சொல்லிக் குடுத்துப் பாத்துச்சு. நல்லா வந்துதுக. அப்பறந்தான் 1907-ல கூலிக்காரங்க புள்ளைகளுக்கு. பொறகு அந்தம்மா 1939-ல நம்ம அடையாறுக்கு வந்துது, சண்டைக் காலத்துல ரெண்டு வருசம் கொடைக்கானல்ல இருந்து பாடஞ்சொல்லிக் குடுத்துது. இன்னைக்கு அதே பேரு போட்ட பள்ளிக்கூடத்துக்குப் பேச்சு வராத புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ. "எங்ககிட்ட வசதி இல்லைங்க"ம்பான். யாருக்குச் செஞ்ச சாமானோ, அந்தப் புள்ளைக்கு அங்க எடமில்ல. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் சேத்துக்கோணும்னுதான் சொல்லுது. சட்டத்த அலமாரியில இன்னும் மேல் தட்டுல வெச்சிருக்கறான் போல.

செகான் பலகைய உங்க எடத்துல பாத்திருப்ப. பத்துக் குழி, பத்துக் கட்டை. நட்சத்திரத்த நட்சத்திரக் குழியில போடோணும், வட்டத்த வட்டத்துல. நம்ம புள்ளைக எத்தன நொடியில போடுதுகன்னு கணக்கும் மைசூருலயே போட்டிருக்கறாங்க. நல்லதுதான். நொடிமுள்ளப் பாக்கறப்ப, அது ஒரு கட்டையத் தப்பான குழியில போட்டுட்டு என்ன பண்ணுதுன்னு பாத்தயா? ஓங்கி அடிச்சு அமுத்துதா, திருப்பிப் பாக்குதா, உன் மொகத்தப் பாத்து ஒத்தாசை கேக்குதா? அதுதான் புள்ள. நொடி கடியாரத்தோடது.

ஏங்கண்ணு சிரிக்கற? பெருசு எல்லாத்தையும் நக்கலடிக்குது, பழசுத்தான் ஒசத்திங்குதுன்னா? இரு. இப்ப சொல்றதச் சிரிக்காமக் கேளு.

எமர்ஜென்சி சமயம். என்ற தங்கச்சி மகனுக்கு ரெண்டு வயசு தாண்டியும் ஒரு சொல்லு வரல. அவ பயந்துக்கிட்டு என்கிட்ட வந்தா. நானு ஊருக்குப் பெரிய மனுசனல்ல? "அவங்க அப்பன் வழியில எல்லாரும் அஞ்சு வயசுலதான் பேசுனாங்க, போ"ன்னேன். அவ கேக்கல. சரின்னு நானே ஒரு சோதனை பண்ணுனேன். பித்தளைத் தாம்பாளத்த எடுத்துக்கிட்டுப் போயி அவனுக்குப் பொறகால நின்னு ஓங்கி ஒரு அடி. வெடுக்குன்னு திரும்பிப் பாத்தான். "காது கணீர்னு கேக்குது"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டுத் துண்ட ஒதறித் தோள்ல போட்டேன். காலை வெயிலு என் முதுகுப் பக்கம் அடிச்சுக்கிட்டிருந்துது. என் நெழலு அவன் முன்னால செவுத்துல விழுந்துது. அவன் நெழலுக்குத் திரும்பியிருக்கறான். இது எனக்கு எப்ப ஒறைச்சுது தெரியுமா? அவன் ஏழு வயசுல ரோட்டுல போறப்ப பொறகால மாட்டு வண்டி வந்துது. வண்டிக்காரன் கத்தறான், மணி அடிக்கறான். இவன் பாட்டுக்கு நடக்கறான். கைய எட்டிப் புடிச்சு இழுத்தேன்.

அந்த ஸ்பீச் அண்ட் ஹியரிங் இந்த ஊருல 1965-லயே வந்தாச்சு. மலைக்கு அக்கட்டால, பகல் பஸ்ஸுத் தூரம். தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். தெரிஞ்சிருந்தாலும் போயிருப்பனா? தாம்பாளத்த அடிச்சுப் பாத்தாச்சே! இப்ப அவனுக்கு 50 தாண்டிருச்சு. தறி ஓட்டறான், நல்ல வேலைக்காரன். என்னக் கூப்புடோணும்னா விரல மேலொதட்டுல வெச்சு ஒரு முறுக்கு முறுக்குவான். மீசைக்காரன்னு அர்த்தம். அதுதான் அவன் எனக்கு வெச்ச பேரு.

கொள்ளுப்பேத்தி பொறந்த ரெண்டாம் நாளு, உன் வயசுப் புள்ள ஒருத்தி ஒரு சின்னப் பொட்டியோட வந்தா. தூங்கற கொழந்தை காதுல பஞ்சு மாதிரி முனை வெச்ச கொழாயச் சொருகுனா. பொட்டி காதுக்குள்ள சன்னமாச் சத்தம் உடுமாம். உள்காது நல்லாருந்தா அதுவும் பதிலுக்கு ஒரு சத்தம் குடுக்குமாம், கிணத்துல கூவுனாத் திரும்ப வர்ற மாதிரி. அந்தப் பதிலு நம்ம காதுக்குக் கேக்காது, பொட்டிக்குக் கேக்கும். சில நிமிசம். கொழந்தை முழிக்கக்கூட இல்ல. முதல்ல பதிலு வரலீன்னாலும் பயப்பட வேண்டாம், காதுல அழுக்கு, தண்ணி இருந்தாலும் அப்படித்தான், மறுக்காப் பாக்கோணும்னு சொன்னா. ஒரு மாசத்துக்குள்ள இந்தச் சோதனை, மூணு மாசத்துக்குள்ள கேக்குதா இல்லியான்னு உறுதி, ஆறு மாசத்துக்குள்ள மெசினும் பயிற்சியும். ஒண்ணு, மூணு, ஆறு. அவ போன பொறகு நானு எந்திரிச்சுப் போயிக் கொல்லைப்பக்கம் நின்னுக்கிட்டேன்.

அதனால ஃபைலத் தூக்கி ஏரியில போடச் சொல்லல. ஸ்பீச் அண்ட் ஹியரிங்குல சின்னப்புள்ளை வகுப்புக்குப் புள்ளைய உட்டுட்டு அம்மா போயிர முடியாது, கூடவே உக்காந்து கத்துக்கோணும். அந்த அம்மாகிட்ட, அமுச்சிகிட்ட, என்ன மாதிரித் தாம்பாளக்காரக் கெழவன்கிட்டயும் கேளு. "எல்லாம் சரியாயிரும்"னு நாங்க சொல்றப்ப மட்டும் நம்பாத. காதுக்கு ஒரு தடவ பாத்துரலாங்கன்னு மரியாதையாச் சொல்லி, கையோட கூட்டிக்கிட்டுப் போ.

நேரமாச்சு, உனக்கு வகுப்பு இருக்கும். ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வா. மூணு கிலோ அவரை வாங்கியாந்து கெடக்குது, ராத்திரி ஊறப்போடறோம். பாப்பா எதுக்கால குந்திக்கிட்டு நீயும் பிதுக்கலாம். ஃபைல வெச்சுட்டு வா, கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும்.